மலைநாட்டின் களைப்பும் கடலின் பாசியும்

உழைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. உழைத்த உடல் அடையும் களைப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்னதை எழுதியோர் பலர். பின்னதை எழுதியோர் மிகச் சிலரே. இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹட்டன் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் எத்தனை ஏக்கர் பயிரிடப்பட்டது, எத்தனை இறாத்தல் தேயிலை கப்பலேறியது என்பனவெல்லாம் ஆண்டுதோறும் ஏடுகளிற் பதியப்பட்டன. ஆனால், கூடையின் கயிற்றைத் தலையிலே மாட்டி, காலைப் பனியில் மலையேறி, மாலை வரை கொழுந்தெடுத்து இறங்கிய பெண்ணின் களைப்பு நெடுங்காலம் எந்த ஏட்டிலும் இடம்பெறவில்லை. கூடையின் நிறை குறைந்தால் அது கணக்கில் ஏறிற்று. குறைந்ததன் காரணம் ஏறவில்லை.

இக்காலத்தில் மருந்துக் கடைகளிலே பச்சை நிறமான மாத்திரைகளும் பொடிகளும் விற்கப்படுகின்றன. அவை உண்ணத்தக்க பாசியினாற் செய்யப்பட்டவை; உடற்சோர்வைப் போக்கிப் பலந் தருபவை என்று விளம்பரம் கூறுகின்றது. இக்கூற்றில் உண்மை எவ்வளவு? மலையேறி உழைப்போருக்கு இப்பாசியினால் ஆகும் பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், பாசியின் வரலாற்றையும் களைப்பின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். அவ்விரண்டும் ஒரே கடற்கரையிலிருந்து தொடங்குகின்றன என்பது வியப்புக்குரியது.

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட ஆழங்குறைந்த கடலிலே, மன்னார்க் குடாவிலும் பாக்கு நீரிணையிலும், மெல்லிய கிளைகளோடு வளரும் ஒரு கடற்பாசி உண்டு. கரையோர மக்கள் அதனைக் கஞ்சிப்பாசி என்பர். அறிவியலார் அதனைக் கிராசிலேரியா என்னும் இனத்திற் சேர்ப்பர். கற்பிட்டி, புத்தளம், திருகோணமலை ஆகிய இடங்களின் களப்புகளிலும் அது கிடைப்பதுண்டு. அதனைப் பொறுக்கி, நன்னீரில் அலசி, வெயிலிற் பலமுறை உலர்த்தி வெளுக்கச் செய்து, நீரிலிட்டுக் காய்ச்சினால், ஆறியபின் கட்டியாக உறையும். நோயுற்று எழுந்தோருக்கு அதனைக் கஞ்சியாகக் கொடுப்பது வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில மருந்து நூல்கள் இதனைச் ‘சிலோன் மாஸ்’, அதாவது இலங்கைப் பாசி, என்ற பெயரால் அறிந்திருந்தன. 1842ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் ஓஷோனசி என்னும் மருத்துவர் வெளியிட்ட மருந்து நூலிலும் அது இடம்பெற்றது.

இதே நூற்றாண்டில், இதே கடலைத்தான் நம் தோட்டத் தொழிலாளரின் முன்னோர் கடந்தனர். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து புறப்பட்டோர், படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே பல நாள் நடந்து மாத்தளையை அடைந்தனர். பாசி விளையும் கடலைக் கடந்து, பாசி எட்டாத மலைக்கு ஏறியவர்கள் அவர்கள். அவ்வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். எஞ்சி மலைசேர்ந்தோர் முதலிற் கோப்பித் தோட்டங்களில் உழைத்தனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியை ஓர் இலைநோய் பற்றியது. சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

இம்மாற்றம் உழைப்பின் தன்மையையே மாற்றிற்று. கோப்பிக்குப் பருவகால உழைப்புப் போதும். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. ஆகவே ஆண்டு முழுவதும் கை ஓயாத உழைப்பை வேண்டுவது. பருவத்துக்கு வந்து மீண்ட ஆடவரின் இடத்திலே, குடும்பங்கள் லயன் காம்பராக்களில் நிலையாகக் குடியேறின. கொழுந்தெடுக்கும் தொழில் பெண்களின் கையில் வந்து சேர்ந்தது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் ஒப்படைத்து, பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, மலையேறிக் கொழுந்தெடுத்து, நிறுத்துக் கொடுத்து, மீண்டும் அடுப்படிக்கு வருவது அவள் நாளாயிற்று. உண்பதோ பெரும்பாலும் அரிசிச் சோறு அல்லது கோதுமை மா ரொட்டி, சிறிது சம்பல், சாயத் தண்ணீர். வயிறு நிறைந்தது, குருதி நிறையவில்லை.

இக்களைப்புக்கு அக்காலத்தார் இட்ட பெயர் சோம்பல். தொழிலாளி சோம்பேறி என்று துரைமார் கருதினர். தன் விதி இதுவே என்று தொழிலாளி கருதினான். இவ்விரண்டு எண்ணங்களும் பிழை என்பதை முதன்முதலில் உணர்த்தியது ஒரு புழு.

1916ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சியைத் தொடங்கினர். பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் வயிற்றில் அப்புழு இருந்தது. ஈரமண்ணில் வாழும் அதன் குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலிற் புகும். குடலிலே கொக்கிபோற் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சும். ஒரு புழு குடிப்பது சிறிதே. நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்காகக் குடித்தால், உண்ட உணவின் இரும்புச்சத்தெல்லாம் புழுவுக்கே இரையாகும். முகம் வெளிறும், மூச்சு வாங்கும், கால் வீங்கும். அந்நாளில் மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினர். ஆனால், போதிய மலசலகூடங்கள் இல்லாத லயன்களில், வெறுங்காலோடு நடந்தோரிடத்து அப்புழு மீண்டும் மீண்டும் குடியேறிற்று. மருந்து மட்டும் போதாது, வாழிடமும் மாற வேண்டும் என்ற பாடத்தை அவ்வனுபவம் கற்பித்தது.

புழு குருதியைக் குறைக்கின்றது என்பது அறியப்பட்டது. குறைந்த குருதி உழைப்பை எவ்வளவு குறைக்கின்றது என்பதை அளந்து காட்ட மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. 1970களில் மருத்துவப் பேராசிரியர் பிரயன் செனவிரத்தினவும், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் எட்ஜேட்டன், காட்னர் முதலியோரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே ஆய்வு செய்தனர். 1977இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், 75 பெண்கள் ஓடுபட்டைப் பொறியின்மீது நடக்கச் செய்யப்பட்டனர். ஈமோகுளோபின் குறைந்த பெண்கள் விரைவிற் களைத்தனர். ஒரே வேலைக்கு அவர்களின் இதயம் கூடுதலாகத் துடித்தது. தசையிலிருந்து குருதியிற் சேரும் இலத்திக்கமிலமும் மிகுந்திருந்தது.

அடுத்த ஆய்வு 1979 டிசெம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. இம்முறை ஆராய்ச்சியாளர் பொறியை நம்பவில்லை. கொழுந்துக் கூடையையே தராசாகக் கொண்டனர். தொழிலாளருட் சிலருக்கு இரும்புச்சத்து கொடுக்கப்பட்டது. சிலருக்கு அதனைப்போலத் தோன்றும் வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. ஒரு மாதம் சென்றபின் நிறுத்துப் பார்த்தபோது, இரும்பினால் ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் முன்னிலும் கூடுதலான கொழுந்தெடுத்தனர். குருதி மிகக் குறைந்திருந்தோரிடத்தே முன்னேற்றமும் மிகுதியாயிருந்தது. அது மட்டுமன்று. வேலை நேரத்துக்கு வெளியேயும் அவர்களின் உடலசைவு கருவியால் அளக்கப்பட்டது. இரும்பு பெற்றோர், எவரும் ஏவாமலே, கூடுதலாக நடமாடினர். குருதிச்சோகை உள்ளோர் சோர்வுறுகின்றனர் என்று மருத்துவர் நெடுங்காலம் கண்டு கூறிவந்ததற்கு, இவ்வாய்வு வலுவான சான்றாயிற்று.

நேயர்களே, இதன் பொருளை நாம் ஊன்றி எண்ணுதல் வேண்டும். ஒரு நூற்றாண்டுக் காலம் சோம்பல் என்று பழிக்கப்பட்டது, குருதியிலே ஈமோகுளோபின் குறைந்திருந்த நிலையே என்பதற்கு, அத்தொழிலாளரின் கூடையே சாட்சி கூறிற்று.

இனிப் பாசியின் பக்கம் திரும்புவோம். பாசியை உணவாகக் கொண்ட மக்கள் பலர். யப்பானியர் கடற்பாசியைத் தாள்போல் உலர்த்தி உண்பர். மெக்சிக்கோவின் தெஸ்கோக்கோ ஏரியில் மிதந்த நீலப்பச்சைப் பாசியை அஸ்தெக் மக்கள் வலையால் வாரி, அடைபோல் உலர்த்திச் சந்தையில் விற்றனர் என்று பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியர் எழுதி வைத்துள்ளனர். ஆபிரிக்காவின் சாட் ஏரிக் கரையிலுள்ளோர் அவ்வாறே பாசியை மணலில் உலர்த்தி ‘திஹே’ என்னும் அடையாக்கிக் குழம்பிலிட்டு உண்பர். 1940இல் பிரெஞ்சு அறிஞர் தாஞ்சார் அதனைப்பற்றி எழுதினார். 1960களின் நடுவில் பெல்ஜிய அறிஞர் லெயோனார் அதனை நேரிற் கண்டு உலகறியச் செய்தார். இதுவே இன்று ஸ்பைருலினா என்றும், தமிழிற் சுருள்பாசி என்றும் வழங்குவது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பெருகும் மக்கள்தொகைக்கு உணவு எங்கே என்ற அச்சம் அறிஞர்களைப் பற்றிக்கொண்டது. குளோரெல்லா என்னும் நுண்பாசியைத் தொட்டிகளில் வளர்த்து உலகின் பசியைத் தீர்க்கலாம் என்று அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தாரும் யப்பானியப் பேராசிரியர் தாமியாவும் பிறரும் நம்பினர். 1953இல் அதுபற்றிப் பெருநூல் ஒன்றும் வெளியாயிற்று. ஆனால், தொட்டியில் விளைந்த பாசி வயலில் விளைந்த தானியத்திலும் பன்மடங்கு விலையுடையதாயிற்று. உலகின் உணவு ஆகவேண்டியது, வசதியுள்ளோரின் மாத்திரையாகிப் புட்டிக்குள் அடங்கிற்று.

நம் பிரதேசத்திலும் பாசி ஆராய்ச்சி நடந்தது. தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்பும் முகாம் அமைந்திருந்த மண்டபத்திலேயே, 1947இல் நிறுவப்பட்ட இந்திய அரசின் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் பின்னர் அமைந்தது; அங்கே கடற்பாசிகளும் ஆராயப்பட்டன. இலங்கையில், மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தின் எம். துரைரத்தினம் அவர்கள் இந்நாட்டுக் கடற்பாசிகளைத் தொகுத்து ஆராய்ந்த நூலை 1961இல் வெளியிட்டார். பின்னர் சென்னையிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையத்தில் அறிஞர் சி. வி. சேஷாத்ரி சுருள்பாசியை எளிய தொட்டிகளில் வளர்க்கும் முறையை வகுத்தார். 1990களின் தொடக்கத்தில், தமிழ்நாட்டின் கிராமங்களில் ஏறத்தாழ 5,000 சிறு பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு கிராம் பாசி, ஐந்து மாதம் கொடுக்கப்பட்டது. உயிர்ச்சத்து ஏ குறைவினாற் கண்ணில் தோன்றும் வெண்புள்ளி, அப்பிள்ளைகளிடையே நூற்றுக்கு 80 என்ற அளவிலிருந்து 10ஆகக் குறைந்தது என்று அவ்வறிக்கை கூறுகின்றது. உயிர்ச்சத்து ஏயாக மாறும் மஞ்சட்பொருள் பாசியில் மிகுந்திருப்பதே இதன் காரணம்.

ஆகவே பாசி நல்லுணவு என்பதில் ஐயமில்லை. உலர்ந்த சுருள்பாசியிற் பாதிக்கு மேற்பட்டது புரதம். எனினும், களைப்பைப் போக்குமா என்ற கேள்வி வேறு. 2010இற் கிரேக்க நாட்டில் நடந்த ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற ஒன்பது ஆடவர் நாளுக்கு ஆறு கிராம் பாசியை நான்கு வாரம் உண்டபின், களைப்புறும்வரை சற்றுக் கூடுதலான நேரம் ஓடினர். 2007இல் வெளியான இன்னோர் ஆய்வில், காரணந் தெரியாத நெடுநாட் சோர்வுடைய நால்வருக்குப் பாசி கொடுத்தும், வெற்று மாத்திரையினும் மேலான பயன் காணப்படவில்லை. ஒன்பதின்மரையும் நால்வரையும் கொண்டு ஒரு மருந்துக்குப் புகழ்மாலை சூட்டுதல் அறிவுடைமையாகாது. அன்றியும், நல்லுணவுண்டு ஓடிப்பழகிய ஆடவரின் களைப்பு வேறு. குருதி குறைந்த தாயின் களைப்பு வேறு.

இங்கே சிறு கணக்கொன்று பார்ப்போம். நூறு கிராம் உலர்ந்த சுருள்பாசியில் ஏறத்தாழ 28 மில்லிகிராம் இரும்பு உண்டு. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் எவரும் நூறு கிராம் உண்பதில்லை. ஒரு தேக்கரண்டி, அதாவது மூன்று கிராம் பாசியில் ஒரு மில்லிகிராம் இரும்பும் தேறாது. கருப்பிணித் தாய்மாருக்குச் சிகிச்சை நிலையங்களில் விலையின்றி வழங்கப்படும் இரும்பு மாத்திரை ஒன்றிலோ 60 மில்லிகிராம் இரும்பு இருக்கும். பாசிப் பொடியை வாங்கி, மாத்திரையை மூலையில் எறிபவள் பொன்னைக் கொடுத்துப் பித்தளை வாங்கியவள் ஆவாள். குருதி விருத்திக்கு வேண்டிய பி12 என்னும் உயிர்ச்சத்தும் சுருள்பாசியில் இருப்பதாகச் சொல்வதுண்டு. அது பெரும்பாலும் மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம் என்று யப்பானிய ஆராய்ச்சியாளர் 1999இற் காட்டினர்.

கஞ்சிப்பாசியின் நிலை யாது? அதன் பெரும்பகுதி மனிதக் குடலிற் செரியாத பசைப்பொருள். வயிற்றுக்கு இதமானது, மலச்சிக்கலை நீக்குவது. நோயாளிக்கு அது தந்த ஆறுதல் மெய். பலம் தந்தது அதனோடு சேர்த்த பாலும் சர்க்கரையுமே.

மலைநாட்டிலேயே சுருள்பாசி வளர்க்கலாமே என்று கேட்போரும் உளர். அது வெப்பத்தை விரும்பும் உயிர். முப்பது பாகைக்கு மேற்பட்ட வெம்மையில், காரத்தன்மையுள்ள நீரிற் செழிப்பது. ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை பதினாறு பாகை அளவே. மன்னாரும் புத்தளமும் அதற்கேற்ற இடங்களாகலாம், மலை ஆகாது. மேலும், பச்சையாக மிதப்பதெல்லாம் உண்ணத்தக்கது அன்று. 1999இற் கண்டி வாவியைப் பச்சை நிறமாக்கிய நுண்பாசி, ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கவல்ல இனத்தைச் சேர்ந்தது. வாவியிலோ பீலியிலோ படரும் பாசியை எவரும் உணவென்று எடுத்தலாகாது.

அவ்வாறாயின் மலையில் வாழ்வோருக்குக் கடலின் கொடை இல்லையா? உண்டு, அது வேறு வடிவில் வந்தது. கடற்பாசிகள் பல அயடீன் நிறைந்தவை. அயடீன் குறைந்தாற் கண்டமாலை தோன்றும். உடலும் உள்ளமும் மந்தமாகும். இலங்கையின் ஈரவலயத்தில் இக்குறை நெடுங்காலம் இருந்தது. 1995 முதல் உப்பிலே அயடீன் கலத்தல் சட்டமாயிற்று. பாசியை மலைக்கு ஏற்றாமலே, பாசியிலுள்ள பொருள் ஒவ்வோர் அடுப்படிக்கும் உப்போடு சென்று சேர்ந்தது. அதுபோல, 1973இற் சோளமும் சோயாவும் கொண்டு தொடங்கப்பட்ட திரிபோஷ மா, தாய்க்கும் பிள்ளைக்கும் விலையின்றிக் கொடுக்கவென வகுக்கப்பட்டது. எளியோர் கைக்கு எட்டுவதே எளியோரின் மருந்து.

இறுதியாக, மலையின் செல்வமாகிய தேயிலையைப்பற்றியும் ஒரு சொல். 1975இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகருக்கு அருகே வாழும் இந்திய வமிசப் பெண்களிடையே ஆய்வொன்று நடந்தது. ரொட்டியோடும் சோற்றோடும் தேநீர் பருகினால், அவ்வுணவிலுள்ள இரும்பு உடலிற் சேருவது பெரிதும் குறைகின்றது என்று அது காட்டிற்று. ரொட்டியும் சாயத் தண்ணீரும் ஒன்றாக உண்ணும் நம் தோட்டத்து வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். தேநீரைக் கைவிட வேண்டுவதில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ பருகினாற் போதும். தேநீரின் இடத்திலே உணவோடு தேசிக்காய்ச் சாறோ கொய்யாவோ நெல்லியோ சேர்ந்தால், கீரையிலும் கௌபியிலும் உள்ள இரும்பு எளிதில் உடலிற் சேரும். நெத்தலிக் கருவாடு சிறிதாயினும் பெரிதும் உதவும். ஓயாத களைப்பும் மூச்சிரைப்பும் உடையோர் குருதியைப் பரிசோதித்து, மருத்துவர் சொற்படி இரும்பு மாத்திரையும் புழுமருந்தும் கொள்ளுதல் வேண்டும். கையில் மிகுதியாகப் பணம் உள்ளவர் நம்பத்தக்க இடத்தில் வளர்த்த பாசிப்பொடியை உணவோடு சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. அதனை மருந்தென்று நம்புவதே தவறு.

நேயர்களே, களைத்தவளைப் பார்த்து அவள் சோம்பேறி என்று சொல்வது எளிது. இப்பொடியை உண் என்று சொல்வதும் எளிது. ஏன் களைத்தாள் என்று கேட்பதே அரிது. 1916இல் அக்கேள்வியைக் கேட்டவர்கள் புழுவைக் கண்டனர். 1970களிற் கேட்டவர்கள் இரும்பின் குறையைக் கண்டனர். இன்றும் ஒரு பெண் தன் கூடையோடு மலையிறங்கி வரும்போது மூச்சு வாங்கி நிற்பாளாயின், அவள் வீட்டாரும் தோட்டத்தாரும் மருத்துவரும் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. விடை பெரும்பாலும் தொலைவிலுள்ள கடலில் இல்லை; அவள் குருதியிலும், அவள் தட்டிலும், அவள் நடக்கும் மண்ணிலும் இருக்கின்றது.